பணக்கார ஊரில் சீட் பஞ்சம்

சியாட்டிலில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும் என்பது உலகம் முழுக்கப் பரவிய புரளி. அங்கே ஆண்டுக்குச் சுமார் 950 மில்லிமீட்டர்தான், சென்னைக்கு 1,400. நம் வடகிழக்குப் பருவமழை மூன்றே நாளில் தெருவை ஆறாக்கிக் காட்டிவிட்டுப் போய்விடும். சியாட்டில் மழைக்கு அந்த நேர்மை கிடையாது. அக்டோபரில் தூறத் தொடங்கினால் மே வரை நனைத்தும் நனைக்காமலும் நசநசத்துக்கொண்டே இருக்கும். பெய்வது கொஞ்சம், பேச்சு மட்டும் ஆண்டு முழுக்க. அந்த ஊரின் அரசுப் பல்கலைக்கழகம் சீட் கொடுக்கும் முறையும் இதே வானிலைதான்.

1861-இல் தொடங்கிய வாஷிங்டன் பல்கலைக்கழகம் அது. தலைநகர் வாஷிங்டனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உள்ளூர்க்காரர்களுக்கு ‘யூ-டப்’. ஐம்பதாயிரம் பேர் படிக்கும் வளாகம். முதலாண்டில் ஏழாயிரம் பேர் போல உள்ளே வருகிறார்கள். மனுப் போடும் மாநிலத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது இடம் கிடைத்துவிடுகிறது. அப்புறம் என்ன ஒப்பாரி என்று கேட்பீர்கள். பல்கலைக்குள் போவது வேறு, படிக்க நினைத்ததைப் படிப்பது வேறு என்பதுதான் அங்கே முதல் பாடம். அதை மட்டும் சேர்வதற்கு முன்பே நடத்திவிடுகிறார்கள்.

ஏப்ரல் மாதத்தில் சியாட்டில் புறநகர்களான ரெட்மண்ட், பெல்வியூ, சமாமிஷ் பக்கம் எந்தத் தமிழ் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இலையில் சாம்பார் விழுவதற்குள் இது காதில் விழும்:

“பையனுக்கு எங்கங்க கெடச்சுது?”

“யூ-டப்தாங்க.”

“சி.எஸ்ஸா?”

“இல்லீங்க, ப்ரீ-சயின்சஸ்ல போட்டிருக்காங்க.”

“ஓ.”

அந்த ‘ஓ’வில் துக்கம் விசாரிக்க வந்தவரின் மரியாதை பாதி, தன் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டியாக ஒருவன் குறைந்தான் என்ற நிம்மதி மீதி.

சி.எஸ். எனப்படும் கணினி அறிவியலுக்கு அண்மை ஆண்டுகளில் மனுப் போட்ட மாநிலப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ இடம் கிடைத்திருக்கிறது. வெளிமாநிலம், வெளிநாடு என்றால் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். ஹார்வர்டே இதைவிடக் கொஞ்சம் தாராளம். ஹார்வர்டாவது பரம்பரைப் பணக்காரர்களின் தனியார் மடம். வடிகட்டுவதுதான் அதன் தொழில். இது வரிப்பணத்தில் கட்டிய பொதுச் சொத்து. மைக்ரோசாஃப்டுக்கும் அமேசானுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கணினி படிக்க வருகிற உள்ளூர்ப் பிள்ளையிடம் ‘இடமில்லை, போய் வா’ என்கிறது. ஆற்றங்கரை ஊரில் தண்ணீர்ப் பந்தலை இழுத்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சாவி யாரிடம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதில் நம் பெற்றோர் படும் பாடு தனி. அவர்களில் பலர் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் கூடத்தில் அப்பாவோடு போய் உட்கார்ந்தவர்கள். இத்தனை கட்-ஆஃப், இத்தனையாவது ரேங்க், திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்த ஏற்பாட்டிலும் ஆயிரம் ஓட்டை உண்டு. ஆனால் கிடைக்காமல் போனவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்றாவது தெரியும். இங்கே கட்-ஆஃப் கிடையாது, எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும் தேவையில்லை. ‘பிள்ளையை முழுமையாகப் பார்க்கிறோம்’ என்கிறார்கள். பதினேழு வயது ஆளை 650 சொற்களுக்குள் முழுமையாகப் பார்க்கும் ஞானக்கண் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. மாரியம்மன் கோவிலில் குறி சொல்பவர்கூடக் கையையாவது நீட்டச் சொல்வார்.

முழுமையாகப் பார்க்கிறார்கள் என்றால் முழுமையாகக் காட்ட வேண்டுமல்லவா? அதற்கென்றே ஒரு சந்தை முளைத்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆலோசகர். அவர் ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு பிள்ளைக்கு ஆர்வம் எதில் என்று கண்டுபிடித்துச் சொல்வார். பத்தாம் வகுப்பில் ஒரு நான்-பிராஃபிட். பதினாறு வயதில் தொண்டு நிறுவனத் தலைவர் ஆகாத பிள்ளையை இந்தப் புறநகர்களில் தேடிப் பிடிக்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்குப் பழைய மடிக்கணினி அனுப்புகிறவள் ஒருத்தி, மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்கு ஜூமில் பைதான் சொல்லித்தருகிறவன் ஒருவன். சீட் முடிவாகிற மார்ச் மாதத்தோடு ஆப்பிரிக்காவின் தேவையும் மதுரையின் தேவையும் தீர்ந்துபோகும்.

பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பொய்யை ஆர்வம் என்று எழுதவும், எழுதியதைத் தானே நம்பவும் பெரியவர்கள் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தந்திருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் பழி யார் தலையில்? முழுமையாகப் பார்த்துத்தானே வேண்டாம் என்றார்கள்! மதிப்பெண் குறைந்து தோற்றவன் மதிப்பெண்ணில்தான் தோற்றான். இவன் ஆளாகவே தோற்றுவிட்டான். அடுத்தவர் போட்ட பட்ஜெட்டின் ஓட்டையைத் தன் குணத்தின் ஓட்டை என்று நினைத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறான்.

கணினிப் படிப்புக்கான அந்தப் பள்ளியின் பெயர் பால் ஆலன் பள்ளி. ஆலன் மைக்ரோசாஃப்டை உருவாக்கிய இருவரில் ஒருவர். அவர் இந்தப் பல்கலையில் படித்தவரே அல்ல. அப்பா இங்கே நூலகத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். பையன் வேறு பள்ளியில் படித்துக்கொண்டே இங்கிருந்த கணினிக் கூடத்தில் புகுந்து இயந்திரங்களைப் பிடித்துவைத்துக்கொண்டான். பேராசிரியர் ஒருவரின் அறையிலிருந்து ஒரு கருவியைச் சீட்டுக்கூட எழுதி வைக்காமல் தூக்கிப்போனான். 1971-இல் ‘இனி இந்தப் பக்கம் வராதே’ என்று கடிதமே கொடுத்து அனுப்பினார்கள். 2017-இல் அவர் 4 கோடி டாலர் கொடுத்தார், மைக்ரோசாஃப்ட் மேலே ஒரு கோடி போட்டது, பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. ஆக, வெளியே துரத்தப்பட்டவனுக்கும் வழி உண்டு. நாற்பத்தாறு ஆண்டு பொறுமையும் 4 கோடி டாலரும் இருந்தால் போதும். இன்றைக்கு அதே பையன் மனுப் போட்டால் ஆலோசகர் முதலில் அந்தக் கருவிக் கதையைத்தான் அடிப்பார். ‘இதெல்லாம் எழுதக்கூடாது தம்பி, தலைமைப் பண்பு எங்கே?’

உள்ளே போனவர்களாவது நிம்மதியாக இருக்கிறார்களா? ஒரு பருவத்துக்குப் பத்தே வாரம். மூன்றாவது வாரமே இடைத்தேர்வு. டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். பாடங்களுக்குப் பதிவு காலை ஆறு மணிக்குத் திறக்கும்; திருப்பதி தரிசன டிக்கெட்டுக்குக் காத்திருப்பதுபோல் நாற்பதாயிரம் டாலர் கட்டியவனும் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வணிகமோ பொறியியலோ, கேட்ட துறைக்குள் போக இரண்டாவது போட்டி. சேர்ந்த பிறகு கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு வராதீர்கள் என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். நெரிசல் மிகுந்த துறைகளுக்கு ‘கொள்ளளவு கட்டுப்பாடுள்ளவை’ என்று ஒரு பெயர். கட்டுப்பாட்டை யார் போட்டது? மழைக்கடவுளா?

இல்லை. தேதி வாரியாகச் சொல்ல முடியும்.

வளாகத்தின் நடுவே தேவாலயம்போல் எழுந்து நிற்கும் சுசாலோ நூலகத்தைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி இல்லை. ஹென்றி சுசாலோ இந்தப் பல்கலையின் தலைவராக இருந்தவர். உயர்கல்விக்குச் செலவழிப்பதை ஊதாரித்தனம் என்று நினைத்த மரவியாபாரி ரோலண்ட் ஹார்ட்லி ஆளுநராக வந்தார். 1926-இல் சுசாலோவின் வேலை போனது. அவர் இறந்த 1933-இல் நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆளை விரட்டிவிட்டுக் கட்டடத்துக்குப் பெயர் வைக்கும் கலையில் அந்த மாநிலம் அப்போதே தேறிவிட்டது.

அதே 1933-இல் இன்னொரு சாவும் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பத்தில் ஏழு வாக்காளர்கள் மாநில வருமான வரி வேண்டும் என்று வாக்களித்திருந்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தூக்கிப்போட்டது. அன்றிலிருந்து உலகப் பெரும் பணக்காரர்கள் வருமான வரி இல்லாத அந்த மண்ணில் செழித்து வளர்ந்தார்கள். ஏழை வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் விற்பனை வரி உண்டு.

2008-இல் பொருளாதாரம் சரிந்தபோது மாநில அரசு முதலில் கைவைத்த இடங்களில் பல்கலையும் ஒன்று. சில ஆண்டுகளில் மாநில மானியம் ஏறத்தாழப் பாதியானது. உள்ளூர்ப் பிள்ளையின் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. மீதிப் பள்ளத்தை நிரப்ப வெளியூர்ப் பிள்ளைகளை அதிகம் சேர்த்தார்கள். 2024-25 கல்வியாண்டில் உள்ளூர்க்காரருக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 13,000 டாலர், வெளியூர்க்காரருக்கு 43,000. ஒரே வகுப்பு, ஒரே நாற்காலி, மூன்று மடங்குக்கு மேல் விலை. சென்னையிலிருந்து வீட்டை அடமானம் வைத்து வரும் பிள்ளை, தான் அறிவை வாங்க வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஹார்ட்லியின் வாரிசுகள் விட்ட பாக்கியைக் கட்ட வந்திருக்கிறது என்று யாராவது அதனிடம் சொல்ல வேண்டும்.

கட்டணம் ஏறிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2010-இல், சரிசெய்ய ஒரு வாய்ப்பும் வந்தது. பில் கேட்ஸின் அப்பா, இதே பல்கலையில் சட்டம் படித்து அதன் ஆட்சிக் குழுவிலும் இருந்தவர், ‘எங்களைப் போன்றவர்களுக்கு வரி போடுங்கள், கல்விக்கும் மருத்துவத்துக்கும் செலவழியுங்கள்’ என்று ஒரு வாக்கெடுப்புக்கு முன்னே நின்றார். தம்பதியாக இருந்தால் ஆண்டுக்கு நாலு லட்சம் டாலருக்கு மேல் வரும் வருமானத்துக்கு மட்டும் வரி. எதிர்ப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் பட்டியலில் ஸ்டீவ் பால்மர் உண்டு, ஜெஃப் பெசோஸும் உண்டு. பெசோஸ் தந்தது ஒரு லட்சம் டாலர். அவருக்கு அது டீச்செலவு. நூற்றில் அறுபத்து நாலு பேர் ‘வேண்டாம்’ என்று குத்தினார்கள். நாலு லட்சம் டாலரைக் கனவிலும் காணாதவர்கள்கூட, என்றாவது காண்போம், அன்றைக்கு இந்த வரி நம்மைக் கடிக்கும் என்று பயந்து குத்தினார்கள்.

பிறகு 2021-இல் பங்கு விற்ற பெரிய லாபத்துக்கு மட்டும் 7 சதவீத வரி கொண்டுவந்தார்கள். 2023 மார்ச்சில் நீதிமன்றம் செல்லும் என்றது. அந்த நவம்பரில் பெசோஸ் மயாமிக்குக் குடிபோவதாக அறிவித்தார், பெற்றோர் அருகில் இருக்க வேண்டுமாம். அவ்வளவு பாசக்காரப் பிள்ளை! நம்புவோம்.

பணமே இல்லையா என்றால், இருக்கிறது. 2024 ஜனவரியில் பல்கலையின் அமெரிக்கக் கால்பந்து அணி இறுதிப் போட்டியில் தோற்றது. அந்த வாரமே பயிற்சியாளர் அலபாமாவுக்குப் பறந்தார். அடுத்து வந்தவருக்கு ஏழாண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் ஓரிரு நாளில் தயார். விளையாட்டுத் துறையின் வருமானம் தனி என்பார்கள். சரி, தனிதான். அந்த அவசரம் மட்டும் கணினி வகுப்பறைக்கு ஏன் வருவதில்லை என்றுதான் கேட்கிறேன்.

இனி நம்மவர்கள். சீட் கிடைக்காத வீட்டில் அன்றிரவே வாட்ஸ்அப் கொதிக்கும். சீனாக்காரன் எடுத்துக்கொண்டான், கலிஃபோர்னியாக்காரன் எடுத்துக்கொண்டான், கோட்டாவில் போய்விட்டது. 1998-லேயே வாக்கெடுப்பு வைத்து இன அடிப்படையிலான சலுகையை அந்த மாநிலம் ஒழித்துவிட்டது. 2019-இல் திரும்பக் கொண்டுவரப் பார்த்ததும் தோற்றது. கோட்டாவே இல்லாத ஊரில் கோட்டாவைத் திட்ட ஒரு தனித் திறமை வேண்டும். அதை ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். நாற்காலிகள் குறைவாக இருப்பதைப் பற்றிப் பேச்சில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நிறத்தைப் பற்றித்தான் பேச்சு. கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு வாக்கு இல்லை, அவர்களை விடுங்கள். குடியுரிமை வாங்கி, வீட்டு விலை ஏறியதைக் கொண்டாடி, ‘இங்கே ஸ்டேட் டாக்ஸ் இல்லை தெரியுமா’ என்று கலிஃபோர்னியா மச்சானிடம் பீற்றிக்கொண்டவர்களைத்தான் சொல்கிறேன்.

அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. 2010-இல் அந்த வரி வந்திருந்தால், ஆண்டுக்கு நாலு லட்சத்து இருபதாயிரம் டாலர் சம்பாதிக்கும் தம்பதி, மேலே உள்ள இருபதாயிரத்துக்கு 5 சதவீதம், அதாவது ஆயிரம் டாலர் கட்டியிருப்பார்கள். அந்த ஆயிரத்தை மிச்சம் பிடித்தவர் இன்றைக்கு ஆலோசகருக்கு அதைப்போல் பல மடங்கு கொடுத்துவிட்டு, அப்படியும் இங்கே சி.எஸ். கிடைக்காமல், பிள்ளையை இல்லினாய்க்கோ பர்டூவுக்கோ அனுப்பி, அங்கே வெளியூர்க்காரர் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார். இல்லினாய்க்காரர் தன் பிள்ளையை இங்கே அனுப்பி நாற்பதாயிரத்துக்கு மேல் கட்டுகிறார். இரண்டு பேரும் நடு வானில் விமானத்தில் எதிரெதிரே கடந்துபோகும்போது, நம்மவர் வரி கட்டாமல் தப்பித்ததற்காகக் கை குலுக்கிக்கொள்ளலாம்.