கிபிர் ஒட்டுப் படலம்

இலங்கை விமானப்படைக்குக் கிபிர் போர்விமானம் வந்தது 1996இல். அந்தப் பெயரைக் கேட்டதும் வடக்கில் பதுங்குகுழி தேடினார்கள். ஹப்புத்தளைப் பக்கம் அதையே 1:72 அளவில் கட்டி மேசையில் வைக்கிற நம்மவருக்கோ, பயமெல்லாம் இறக்கையில் ஒட்டவேண்டிய வட்டச் சின்னத்தின் மேல்தான்.

சின்னம் அச்சிட்ட ஒட்டுப் படலத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்தால் தாளைவிட்டு வழுக்கி வரும். அடியில் பளபளப்பு வார்னிஷ் பூசியிருக்கவேண்டும். இல்லையேல் காற்றுப் புகுந்து வெள்ளி மினுக்கும். இளக்கும் திரவம் தடவியதும் கிழவர் கன்னமாய்ச் சுருங்கும். தொடாமல் விட்டால் தானே கோடுகளுக்குள் படியும். மூடுபனி நாளில் காயவும் நேரமெடுக்கும். கொழுந்து வாட்டத் தொழிற்சாலையில் மின்விசிறி உண்டு, கிபிருக்கு ஏது? அதற்குள், "என்னடா, சுருங்கிப்போச்சே!" என்று விரலால் தேய்த்துவிட ஒரு பெரியப்பா எந்த லயத்திலும் இருப்பார்.

பொடி எச்சரிக்கைகள் வேறு. 'இங்கே மிதிக்காதே' என்று மயிரளவு எழுத்து. மிதிக்க ஈயைவிட்டால் ஆளில்லை. அதையும் பூதக்கண்ணாடி வைத்து நேராக ஒட்டுகிறோம். பதுளை பஸ்ஸில் மிதிபலகையில் தொங்காதீர் என்று எழுதியிருப்பதைத் தொங்கிக்கொண்டே கடந்துபோகிறோம்.