வீவக வீட்டில் தெள்ளுப்பூச்சி: குடியேற்றம், தங்குமிடம், வெளியேற்றம்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வசிக்கும் உயிரினங்கள் இருவகைப்படும்: அனுமதி உள்ளவை, அனுமதி இல்லாதவை. அங்கீகரிக்கப்பட்ட சிறிய இனத்து நாய் ஒன்று முதல் வகை. 1989 முதல் சட்டத்தின் கண்ணில் படாமல் திரைச்சீலைக்குப் பின்னால் வாழ்ந்துவந்த பூனை, 2024 செப்டம்பர் 1 அன்று முதல் வகைக்குப் பதவி உயர்வு பெற்றது. உரிமம் எடுத்து, வீட்டுக்கு இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். முயல், ஹாம்ஸ்டர், கினிப்பன்றி, சின்சில்லா, சிவப்புக்காது ஆமை, ஓட்டுக்குள் குடியிருக்கும் நிலத்துறவி நண்டு ஆகியவற்றுக்கும் தடையில்லை. முள்ளெலி, சுகர் கிளைடர், இகுவானா, சென்னை விமான நிலையத்தில் அவ்வப்போது பயணப்பெட்டிக்குள் பிடிபடும் நட்சத்திர ஆமை ஆகியவை இரண்டாம் வகை. இந்தப் பகுப்பில் எங்கும் அடங்காமல், படிவம் எதுவும் நிரப்பாமல், பத்தாவது மாடிக்கும் மின்தூக்கியில் ஏறிவந்து குடும்பம் நடத்தும் உயிர் ஒன்றுதான்: தெள்ளுப்பூச்சி.

வீடுகளில் காணப்படுவது பெரும்பாலும் பூனைத்தெள்ளு. பெயரில்தான் பூனை; நாய், முயல், எலி என்று வெதுவெதுப்பான ரத்தம் ஓடும் எதன்மீதும் ஏறும், வேறு வழியில்லாவிட்டால் வீட்டுக்காரரின் கணுக்காலிலும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், இறக்கை கிடையாது. உடல் பக்கவாட்டில் தட்டையானது. ரோமத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஓட இந்த அமைப்பு உதவுகிறது. விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினால் சாகாது, நழுவும். இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால்தான் சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். பேன் குத்திப் பழகிய பாட்டிமார்களுக்கு இந்த நுட்பம் விளக்கத் தேவையற்றது.

இந்தச் சிற்றுயிருக்கு அறிவுலகம் செய்திருக்கும் மரியாதை வியப்பூட்டுவது. 1665இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ நூலில் தெள்ளுக்கென்றே மடித்து வைத்த பெரிய படம் ஒன்று உண்டு. தெள்ளு காலின் எந்தப் பகுதியால் தரையை உதைத்துத் தாவுகிறது என்பதில் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு தரப்புகள் உருவாயின. காலின் மேல்மூட்டு என்றார் மிரியம் ராத்ஸ்சைல்ட். பாதம் என்றார் ஹென்றி பென்னட்-கிளார்க். 2011இல் கேம்பிரிட்ஜின் கிரெகரி சட்டனும் மால்கம் பர்ரோஸும் அதிவேகக் கேமரா வைத்துப் பாதத்துக்கே தீர்ப்பளித்தனர். இதற்கிடையே நாய்த்தெள்ளு பூனைத்தெள்ளைவிட உயரமாகத் தாவும் என்று நிறுவிய பிரெஞ்சு ஆய்வாளர் மூவருக்கு 2008இல் ‘இக் நோபல்’ பரிசு கிடைத்தது. பூனைத்தெள்ளின் சராசரித் தாவல் தூரம் சுமார் 20 செ.மீ., நாய்த்தெள்ளுடையது சுமார் 30 செ.மீ. சோபாவிலிருந்து தரைக்கு இறங்க இரண்டுமே போதும்.

இல்லத்தரசருக்குப் பயன்படும் செய்தி தாவலில் இல்லை, முட்டையில் இருக்கிறது. பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். முட்டையில் ஒட்டும் பசை இல்லாததால் விலங்கின் ரோமத்திலிருந்து உருண்டு, அது படுக்கும் இடத்திலெல்லாம் கொட்டும். வெளிவரும் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. சோபா மடிப்பு, கட்டில் அடி, தரைவிரிப்பின் வேர் என்று இருட்டைத் தேடிப் போகும். தாய் கழித்த உலர்ந்த ரத்தம்தான் அதற்கு உணவு. பிறகு பட்டுநூல் கூடு கட்டி, அதன்மேல் வீட்டுத் தூசியையே பூசி மறைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிந்து விலங்கின்மேல் ஓடும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மற்ற 95 விழுக்காடு வரவேற்பறையில். இவை செழிக்க உகந்தது 27 பாகை செல்சியஸ் வெப்பமும் 75 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமும். ஆய்வுக்கூடங்களில் இந்தச் சூழலை உண்டாக்கக் கருவி வேண்டும். சிங்கப்பூரில் சன்னலைத் திறந்தால் போதும்.

கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு அவசரப்படாது. அதிர்வு, உடற்சூடு, மூச்சுக்காற்று ஆகியவை எட்டும்வரை சில மாதங்கள்கூடக் காத்திருக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய், பூனையை நண்பர் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும் குடும்பம், கதவைத் திறந்து பெட்டியை உருட்டிக்கொண்டு நுழைந்த சில நிமிடங்களில் கால் முழுக்கக் கடிபடுவது இதனால்தான். பூட்டிக் கிடந்த வீட்டில் தெள்ளு எப்படி வந்தது என்று அப்போது எழும் கேள்வி தவறானது. அது போகவே இல்லை.

இனி நோய்காணல். விலங்கின் முதுகில் கறுப்புத் துகள் தெரிந்தால் அதை ஈரமான மென்தாளில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் எச்சம், கரையாவிட்டால் வெறும் அழுக்கு. இரவில் தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதற்கு நேர்மேலே சிறு விளக்கை எரியவிட்டால் காலையில் சில தெள்ளுகள் மூழ்கிக் கிடக்கும். இதனால் படை ஒழியாது. படையின் அளவு தெரியவரும்.

மருந்து என்று வரும்போதுதான் ஆய்வு இருளடைகிறது. ஒரு வீட்டில் நான்கு வகைப் பிராணிகள் இருந்தால், ஒன்றைக் காக்கும் மருந்து இன்னொன்றைக் கொல்லும். நாய்க்குச் சொட்டும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. நாய்க்கும் பூனைக்கும் பரவலாகப் பயன்படும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லக்கூடும். முயலுக்கு இமிடாக்லோபிரிட், செலமெக்டின் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். குளிப்பாட்டித் தீர்க்கலாம் என்று நினைப்பது முயலிடம் செல்லாது. நனைந்தால் அது மிரண்டு, உடல் குளிர்ந்து ஆபத்துக்குள்ளாகும். ஆமைக்குத் தெள்ளு வராது, ஆனால் ஐவர்மெக்டின் என்னும் பொது ஒட்டுண்ணி மருந்து அதற்கு எமன். பைரெத்ராய்டு தெளிப்பு மீன்தொட்டியில் பட்டால் தொட்டி காலி. நிலத்துறவி நண்டின் நிலைமை எல்லாவற்றிலும் இக்கட்டானது: உறவுமுறையில் அது தெள்ளின் பக்கம், கணுக்காலிகளைக் கொல்லச் செய்த மருந்துக்கு வளர்ப்புப் பிராணி எது, பூச்சி எது என்ற பாகுபாடு கிடையாது.

கிளிக்குத் தனிப் பத்தி தேவை. 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது லிட்டில் இந்தியாவின் கிளி ஜோசியக் கிளியான மணி, காலிறுதி ஆட்டங்கள் நான்கின் முடிவையும் சரியாகச் சொல்லி உலகப் புகழ் பெற்று, இறுதியாட்டத்தில் நெதர்லாந்துச் சீட்டை எடுத்துச் சறுக்கியது. கோப்பை ஸ்பெயினுக்குப் போனது. வருங்காலத்தை ஓரளவு அறியும் இவ்வினம் அறியாத ஒன்று, அறையில் அடிக்கப்போகும் தெளிப்பு மருந்து. பறவையின் நுரையீரல் வழியே காற்றுப்பைகளின் உதவியால் மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் புதுக்காற்று ஓடுகிறது. காற்றில் கலந்த நஞ்சு மனிதரைத் தும்மவைக்கும் அளவுக்கு வருமுன் கிளி கூண்டின் அடியில் விழுந்துவிடலாம். பூனைத்தெள்ளு பறவைமேல் குடியேறுவது அரிது என்பதால், கிளி சொறிந்தால் சிறகுப்பேனையோ இறகுதிர்வையோ சந்தேகிப்பதே முறை.

பாட்டி வைத்தியத்தையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை எட்டாது, கிளியை எட்டும். அந்துருண்டையும் கற்பூரமும் பூனைக்கும் சிறு பிராணிகளுக்கும் கேடு. தேக்கா சந்தையில் வாங்கும் வேப்பிலையைப் பாய்க்கடியில் போட்டால் பாய் மணக்கும். முஸ்தஃபா அங்காடியில் கிடைக்கும் பேன்சீப்பு மட்டும் இந்தப் பட்டியலில் முழு மதிப்பெண் பெறுகிறது. கழுத்திலும் வால் அடியிலும் மெல்லச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால், எந்த இனத்துப் பிராணிக்கும் தீங்கில்லாமல் வளர்ந்த தெள்ளுகள் அகப்படும். முயலின் தோல் மெல்லியது, கை இதமாக இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் கிடக்கும் 95 விழுக்காட்டுக்கு உரிய ஆயுதம் தூசி உறிஞ்சி. 2007இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, உறிஞ்சப்பட்ட வளர்ந்த தெள்ளுகளில் சராசரியாக 96 விழுக்காடும், புழுவும் கூட்டுப்பருவமும் அனைத்தும் செத்தன. உறிஞ்சியின் அதிர்வு கூட்டுக்குள் காத்திருப்பவற்றைக் கிளப்பியும் விடும்; எனவே முதல் வாரத்தில் தெள்ளு கூடியதுபோல் தெரிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். சோபா இருக்கைகளைத் தூக்கி, மடிப்புகளிலும் கட்டிலடியிலும் அன்றாடம் உறிஞ்ச வேண்டும். பையைப் பிளாஸ்டிக்கில் இறுகக் கட்டி உடனே குப்பைக் குழாயில் போட வேண்டும். பிராணிகளின் விரிப்புகளை 60 பாகை வெந்நீரில் துவைத்து, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் வெயிலில் காயப்போடலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைப்பது உண்டு. அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது வீட்டின் பரப்பளவு அல்ல, பிராணிகளின் பட்டியல். கிளி, முயல், நண்டு ஆகியவை வேறு வீட்டுக்குப் போக வேண்டும். மீன்தொட்டியை மூடி, காற்றுக்குழாயை நிறுத்த வேண்டும். மருந்து காய்ந்து, சன்னல்கள் திறந்து காற்றோட்டம் வந்த பின்னரே அவை திரும்பலாம். பழைய கூடுகளிலிருந்து தெள்ளு வருவது பல வாரங்கள் நீடிக்கும் என்பதால் உறிஞ்சும் வேலையும் நாய், பூனைக்கான மருத்துவர் மருந்தும் மூன்று மாதமாவது தொடர வேண்டும். பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று அதன் மருந்தை நிறுத்துவோர் உண்டு. புளோக்கின் கீழ்த்தளத்தில் தெருப்பூனையைத் தடவிவிட்டு மின்தூக்கியில் ஏறுகிறவர் அந்த வீட்டுக்காரரே.