நாற்பது மணியார்

நாற்பது மணியாரை மெட்ரோ ரயிலில் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். மடியில் வயலின் பெட்டி இருக்கும், கையில் போன் இருக்கும். இரண்டில் எது திறந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும், ஆளைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. கோயம்பேட்டில் ஏறியவர் எழும்பூர் வருவதற்குள் நாலைந்து தடவை தனக்குத்தானே சிரிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் தன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார். பாவம், சிரிப்பு அவருக்கானதல்ல. ஏதோ ஒரு படத்தில் வயலின் மேதையாக நடித்தவரின் வில் ஒரு கம்பியிலும் விரல் வேறு கம்பியிலும் இருந்திருக்கிறது. அதைக் கண்டு இரண்டு இளைஞர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் அடித்துக்கொள்வதைக் கண்டு இவர் சிரிக்கிறார்.

அந்த இருவர் பிரெட் யாங், எடி சென். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வளர்ந்தவர்கள். பதின்ம வயதில் இருவரும் முதலில் சந்தித்துக்கொண்டது கணக்கு டியூஷனில். பிள்ளைகள் உருப்படட்டும் என்றுதான் பெற்றோர் அனுப்பினார்கள். அங்கிருந்து இரண்டு வயலின்காரர்கள் கிளம்பினார்கள். கணக்கு வாத்தியார் இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இருவரும் குவீன்ஸ்லாந்து இசைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர்கள். 2013-இல் ‘டூசெட் வயலின்’ என்ற பெயரில் யூடியூபில் சில பாப் பாட்டுகளை வாசித்துப் போட்டார்கள். யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு இசைக் கல்லூரி வாழ்க்கையின் அவஸ்தைகளைக் கிண்டலடிக்க ஆரம்பித்தார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. ஆர்க்கெஸ்ட்ரா வேலையை உதறினார்கள். 2017-இல் ரசிகர்களிடமே பணம் திரட்டி உலகம் சுற்றினார்கள்; அதற்காகச் சிட்னித் தெருவில் நின்று வாசித்தார்கள். இன்று அவர்களுக்கு 40 லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்கள். அந்த 40 லட்சத்தில் ஒருவர்தான் நம்மவர்.

நாற்பது மணி எங்கிருந்து வந்தது என்றால், லிங் லிங் என்ற ஒரு பிள்ளையிடமிருந்து. இந்தப் பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. ஆசியப் பெற்றோரின் மனத்தில் மட்டும் குடியிருக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை அது. நீ இரண்டு மணி நேரம் வாசித்தாயா, லிங் லிங் ஒரு நாளைக்கு நாற்பது மணி நேரம் வாசிக்கிறது. ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணிதானே என்று கேட்பவர்கள் லிங் லிங் ஆக முடியாதவர்கள். பிரிஸ்பேன்காரர்கள் இதைச் சொன்னபோது மேல்நாட்டில் புதிதாகச் சிரித்தார்கள். நமக்கு இதில் என்ன புதுமை? எதிர் வீட்டுப் பையனின் மார்க்கைக் கேட்டே வளர்ந்த ஊர் இது. போதாக்குறைக்கு அசுர சாதகம் என்று நம் வித்வான்களைப் பற்றிக் கதை கதையாக வைத்திருக்கிறோம். விடியற்காலை ஆற்றங்கரை, கழுத்தளவு தண்ணீர் எல்லாம் அதில் வரும். லிங் லிங் மயிலாப்பூரில் பிறந்திருந்தால் சங்கீத கலாநிதி வாங்கியிருக்கும்.

நம் நாற்பது மணியாருக்கு லிங் லிங் மேல் அளவுகடந்த பக்தி. ‘போய் சாதகம் பண்ணு’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிய முழுக்கைச் சட்டையைத் தொப்பியோடு கடல் கடந்து வரவழைத்து, சென்னை மே மாதத்தில் போட்டுக்கொண்டு திரிகிறார். சட்டை சொல்வதை மட்டும் செய்வதில்லை.

சாயங்காலம் ஆறரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். நோக்கம் சுத்தமானது. சுருதி சேர்க்கும் முன்னால், சுருதி சேர்க்கத் தெரியாதவர்களைப் பற்றி ஒரு வீடியோ. அது முடிந்ததும், சாதகம் செய்யாமல் ஏமாற்றுகிறவர்களின் பத்து வகைகள் என்று ஒன்று. அதில் ஏழாவது வகை தான்தான் என்று கண்டுபிடித்து, விழுந்து விழுந்து சிரித்து, நண்பர்களுக்கு அனுப்பி, அவர்களும் ஏழாவது வகைதான் என்று பதில் வந்து, மணி ஒன்பதாகிவிடும்.

“ஏண்டா, வயலின் சத்தமே கேக்கலியே?”

“கேக்குதேம்மா, நல்லா கேளு.”

“அது போன்ல வர்ற சத்தம்டா.”

“ப்ராக்டிஸ் பத்திதாம்மா சொல்றாங்க.”

அம்மாவுக்கு இதற்கு மேல் வழக்காடத் தெரியாது. தோசைக்கு மாவு எடுத்து வைக்கப் போய்விடுவார்.

பிரிஸ்பேனில் வளர்ந்த இன்னொரு வயலின் கலைஞர் ரே சென். 2009-இல் குவீன் எலிசபெத் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். அவரும் குறும்பு வீடியோக்கள் போடுவார். தனியாகச் சாதகம் செய்ய அலுப்பாக இருக்கிறதே என்று தவிக்கிறவர்களுக்காக ‘டானிக்’ என்று ஒரு செயலியையும் கூட்டாளியோடு தொடங்கினார். நீங்கள் வாசிக்கலாம், உலகத்தில் யாரோ ஒருவர் கூடவே இருந்து கேட்பார். நாற்பது மணியார் முதல் ஆளாகச் சேர்ந்தார். அதில் பிறர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் அவரால் உண்டான தொல்லை ஒன்றிரண்டல்ல. குளிர்சாதனப் பெட்டி ரீங்கரித்தால் “ஜி” என்பார். இது சரிதான். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதன் ரீங்காரம் மேற்கத்திய ‘ஜி’ ஸ்வரத்துக்கு மிக அருகில் நிற்கும். அமெரிக்காவில் 60 சுற்று. அங்கே அது ‘பி ஃப்ளாட்’டுக்கும் ‘பி’க்கும் நடுவே தவிக்கும். இந்தத் தகவலை அவர் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார், யாரும் கேட்காமலே. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி வீணையைத் தழுவிக்கொண்டு கண்ணீர் விட்டால், வீட்டில் மற்றவர்கள் மூக்கை உறிஞ்சும்போது, “அந்த விரல் அந்த மெட்டுலயே இல்லை” என்று குரல் வரும்.

வயோலா வாசிப்பவர்களை அவருக்கு ஆகாது. வயோலா என்பது வயலினுக்குச் சற்றுப் பெரிய அண்ணன், குரல் கொஞ்சம் தாழ்ந்தது. மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வயோலாக்காரரைக் கேலி செய்வது நெடுநாளைய வழக்கம். நம்மவர் வயோலாவை நேரில் கண்டதில்லை, வயோலாக்காரர் யாரையும் தெரியாது. ஆனால் பரம்பரைப் பகை போல அந்தக் கேலியைக் கட்டிக் காக்கிறார்.

இங்கேதான் டூசெட் இருவரின் சாமர்த்தியம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் செய்யும் நகைச்சுவை எதுவும் எல்லாருக்கும் புரிவதல்ல. பாகெல்பெலின் கேனன் என்றால் செல்லோ வாசிப்பவர் முகம் கோணுவார் என்பது ஒரு ஜோக். ஏன் கோண வேண்டும்? மூன்று வயலின்கள் மேலே பறந்து பறந்து விளையாட, செல்லோவுக்குக் கிடைப்பது எட்டே ஸ்வரங்கள்; அதை 28 தடவை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். இது தெரிந்தவருக்குத்தான் சிரிப்பு வரும். தெரியாதவர் சிரிக்க ஆசைப்பட்டுத் தேடித் தெரிந்துகொள்வார். தெரிந்துகொண்ட மறுநிமிடம் அவரும் சபையில் ஒருவர். பரீட்சை கிடையாது, சந்தா கிடையாது, சிரித்தால் உள்ளே. டிரினிட்டி கல்லூரி வயலின் பரீட்சையின் மூன்றாவது கிரேடில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்து, அதற்கப்புறம் மியூசி மியூசிக்கல் இசைக்கடை வாசலை மிதிக்காத ஒருவருக்கு இதைவிடப் பெரிய கதவு எந்தச் சங்கீத உலகமும் திறந்ததில்லை.

பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். செவ்வியல் இசையைக் கோமாளித்தனமாக்குகிறார்களாம். மொசார்ட்டே 1787-இல் ‘இசைச் சிரிப்பு’ என்று ஒன்றை எழுதினார். கற்றுக்குட்டிகள் எழுதும் இசையைப் போலிசெய்து, கடைசியில் வாத்தியங்கள் ஆளுக்கொரு சுருதியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்படி. ஹைடன் 1781-இல் எழுதிய ஒரு நால்வர் இசை முடியும், முடியாது, மறுபடி முடியும். அவசரப்பட்டுக் கைதட்டியவர் அசடு வழிவார். டென்மார்க்கின் விக்டர் போர்கே நல்ல பியானோக்காரர். 1953-இல் தொடங்கி பிராட்வேயில் 849 முறை பியானோ முன்னால் உட்கார்ந்து ஊரைச் சிரிக்க வைத்தார். நாற்காலியிலிருந்து விழாமலிருக்க இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்வார். முகம் சுளித்தவர்கள் அப்போதும் இருந்திருப்பார்கள். வயலின் கலைஞர் ஹிலாரி ஹான் மூன்று கிராமி விருது வாங்கியவர். அவர் டூசெட் இருவரின் வீடியோவில் இடுப்பில் வளையம் சுழற்றிக்கொண்டே வயலின் வாசித்தார். அவருக்கே கௌரவக் குறைச்சல் இல்லை என்றால் நமக்கென்ன?

வேடிக்கை என்னவென்றால், சிரித்துச் சிரித்து உள்ளே வந்த நாற்பது மணியார், அரங்கத்துக்குள் போனதும் எல்லாரையும்விடக் கண்டிப்பானவராகிவிடுகிறார். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் எப்போதாவது மேற்கத்திய இசைக் கச்சேரி நடந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார். முதல் பகுதி முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் யாராவது ஒரு நல்ல மனிதர் கைதட்டிவிட்டால் போச்சு. கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை. இடையில் தட்டக் கூடாதாம். 1778-இல் பாரிஸில் தன் சிம்பொனியின் நடுவிலேயே ஜனங்கள் கைதட்டினார்கள் என்று மொசார்ட் சந்தோஷப்பட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கச்சேரி முடிந்த மகிழ்ச்சியில் போய் ஐஸ் சாப்பிட்டதையும் எழுதியிருக்கிறார். இதை அவரிடம் எடுத்துச் சொன்னால், ஐஸ் சாப்பிட்ட பகுதிக்கு மட்டும் தலையாட்டுவார்.

2024 அக்டோபரில் அவர் வாழ்க்கையில் இடி விழுந்தது. இனி வீடியோ போடப் போவதில்லை என்று அந்த இருவரும் அறிவித்துவிட்டு, பழைய வீடியோக்களில் பெரும்பாலானவற்றையும் எடுத்துவிட்டார்கள். நாற்பது மணியார் இரண்டு வேளை சாப்பிடவில்லை. பொழுது போகாத கொடுமையில் வயலின் பெட்டியையே திறந்துவிட்டார். ‘ஈ’ கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது. வில்லுக்குப் பூசும் ரோசின் இரண்டாக உடைந்திருந்தது. வில்லைத் தளர்த்தாமல் மாதக்கணக்கில் முறுக்கியபடியே வைத்திருந்ததால் அது தன் வளைவை மறந்துவிட்டிருந்தது. கடைக்குப் போய் எல்லாவற்றையும் சரிசெய்து, சில வாரங்கள் உண்மையாகவே வாசித்தார். அடுக்குமாடியில் கீழ்வீட்டு மாமி மேலே வந்து, “ஆத்துல ஏதாவது ரிப்பேர் வேலை நடக்கறதா?” என்று விசாரித்துவிட்டுப் போனார். முன்னேற்றம் தெரிந்தது என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு அந்த இருவரும் திரும்பி வந்தார்கள். வயலின் பெட்டிக்குள் போனது.

அவருடைய பெரியப்பா இதையெல்லாம் பார்த்து, “வாசிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா இத்தனை வித்வத்துவம்?” என்று கேட்பார். பெரியப்பா மார்கழி முழுக்க மியூசிக் அகாடமியில் இருப்பவர். தொடையில் தாளம் போடுவார், பக்கத்தில் இருப்பவர் தொடையிலும் சில சமயம். காம்போதியில் பாடகர் எந்த இடத்தில் சறுக்கினார் என்று கான்டீன் வரிசையில் நின்று விளக்குவார். அந்த வரிசைக்கு அவர் வந்தது தனி ஆவர்த்தனம் தொடங்கிய உடனே என்பது வேறு விஷயம். அவரை ஒரு வர்ணம் பாடச் சொல்லிப் பாருங்கள், தொண்டை கட்டியிருக்கும், வருஷம் முழுவதும்.

எனக்கு இருவரும் ஒரே சாதியாகத்தான் தெரிகிறார்கள். வாசிப்பவர்களை மட்டும் நம்பி எந்த இசையும் நடப்பதில்லை. தப்பு எங்கே என்று தெரிந்த, ஆனால் தன்னால் சரியாக வாசிக்க முடியாத ஒரு கூட்டம் வேண்டும். டிக்கெட் வாங்குவது அந்தக் கூட்டம்தான். பெரியப்பாவின் தலைமுறைக்கு அது சபாவிலும் வானொலியிலும் உருவானது. நாற்பது மணியாரின் தலைமுறைக்கு, தலையில் அடித்துக்கொள்ளும் இரண்டு பிரிஸ்பேன் இளைஞர்கள் உருவாக்கிக் கொடுத்தார்கள். போனில் ஒரு நிமிட வீடியோவைக்கூட முழுதாகப் பார்க்காத வயதுக்காரர் சிபேலியஸின் வயலின் கான்செர்ட்டோவை அரை மணி நேரம் அசையாமல் கேட்கிறார். கடினமான இடம் வருவதற்கு முன்பே அவர் கைவிரல்கள் முழங்காலில் இறுகுகின்றன. இதை எந்த இசைப் பாடநூலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஆகவே இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் திட்டாதீர்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்கப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். இரவு அவர் தூங்கியபின் பெட்டியைத் திறந்து, வில்லின் அடியிலுள்ள திருகை மட்டும் நாலு சுற்றுத் தளர்த்தி வையுங்கள், அவர் செய்யமாட்டார்.