பட்டிப்பொங்கலுக்குக் கடை லீவுங்கோ

மாப்ளைங்களா, காப்புக் கட்டற அன்னைக்கே உங்க மொகத்துல ஒரு கவலை தெரிஞ்சுது. வேப்பந்தழை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையுஞ் சேத்து எறவானத்துல சொருகறப்பவே கண்ணு கடைவீதிப் பக்கம் போயிருச்சு. புரியுதுங் கண்ணு. தை ரெண்டாந் தேதி திருவள்ளுவர் தினம், டாஸ்மாக் பூராச் சாத்தியிருக்கும். நமக்கோ அன்னைக்குத்தான் பட்டிப்பொங்கல். கள்ளுண்ணாமைன்னு ஒரு அதிகாரமே எழுதி வெச்ச மனுசனுக்குச் சர்க்கார் செய்யற மருவாதி அது. மத்த நாள்ல மத்தியானம் 12 மணிக்குத் தொறந்து ராத்திரி 10 மணிக்குச் சாத்தறதும் அதே சர்க்கார்தான். 2003லிருந்து சில்லறை யாவாரமும் அவுங்க கையில. யாவாரம்னா அப்படித்தான் இருக்கும், நாம கொறை சொல்லப்படாது.

நீங்க வள்ளுவருக்குச் செய்யற மருவாதி அதவிடப் பெருசு. மொத நாளே பை நெறைய வாங்கியாந்து ஊட்டுக்குள்ள கிளை தொறந்தர்றீங்க. கடையிலயாவது ஒரு நேரங்காலம் உண்டு, இந்தக் கிளைக்கு அதுவுங் கெடையாது. சரக்கு வெக்கிற எடமோ அதவிட அருமை! வைக்கோல் போருக்குள்ள ஒண்ணு, தவிட்டு மூட்டைக்குப் பின்னால ஒண்ணு. அம்மிணிக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அம்மிணிக்கு நேத்தே தெரியும். அதுக்கு முந்தியே ஒளிஞ்சு வெளையாடற பொடுசுகளுக்குத் தெரியும். வருசம் பூராவும் வைக்கோல் போர்ல பொழங்கறது அதுகளா, நீங்களா?

இன்னொரு சாமர்த்தியம், கலர் பாட்டில்ல கலந்து ஃபிரிட்ஜுல வெக்கிறது. ஆராலயும் கண்டுபுடிக்க முடியாது. நாலு வயசுப் புள்ளையாலயும் முடியாது. தாகத்துக்கு எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சிரும். உங்களுக்குத் தொண்டை நனைக்கக்கூடப் பத்தாத அளவு, அதுக்கு ரத்தத்துல சக்கரையை எறக்கிப்போடும். ஆட்டம் போட்ட அசதியில தூங்குதுன்னு போத்தி உட்டுட்டு நீங்க அடுத்த ரவுண்டுக்குப் போயிருவீங்க. எழுப்பி எந்திரிக்காட்டிப் போர்வையத் தேடாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளைய நீங்க கவனிக்கிற அழகச் சொல்லியே ஆகோணும். அவரு கச்சாயம் வேண்டாமுன்னா "சக்கரை இருக்குதுங்களா மாப்ள?"ன்னு அக்கறையா விசாரிக்கிறீங்க. கிளாஸை வேண்டாமுன்னா மட்டும் "ஏனுங் மாப்ள, எங்க புள்ளைக்கு அத்தன பயமா?"ங்கறீங்க. மூணாந் தடவை மனுசன் வாங்கித்தானே ஆகோணும். அவரு என்ன மாத்திரை சாப்பிடறாரு, எத்தன பாடுபட்டு இந்தச் சனியனை உட்டுட்டு வந்திருக்கறாருன்னு உங்களுக்கெதுக்கு? வெருந்துன்னா ஊத்தோணும். அடுத்த மாசம் அவரு பொழுதன்னைக்கும் குடிச்சுட்டு வந்து உங்க புள்ளைய அடிச்சா, அப்பவும் பஞ்சாயத்துக்கு மொத ஆளா வந்து உக்காந்துக்குங்க.

பூப்பறிக்கிற நோம்பிக்குப் பொம்பளைக, புள்ளைகளைப் பைக்குல ஏத்திட்டுப் போறவுங்களுக்குப் போதை தெளிய ஆளுக்கொரு வைத்தியம் தெரியுது. ஒருத்தரு மோர், ஒருத்தரு எலுமிச்சம்பழம், ஒருத்தரு போர்த்தண்ணிக்கு அடியில நிக்கறாரு. குளிச்சு வந்தா குளிச்ச குடிகாரன், அவ்வளவுதான். ஈரல் தம்பட வேகத்துலதான் வேலை செய்யும், மோரப் பாத்துப் பயந்து ஓடாது. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல சாராயம் இருந்தா கேஸு; மொதத் தடவைக்கே பத்தாயிரம் அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டுமேகூடக் கெடைக்கும். அதுக்கு எங்கிட்ட ஒரு சுளுவான வழி இருக்குது. பாட்டில் மூடியத் தொறக்கறதுக்கு முந்தியே வண்டிச் சாவியப் பூராவும் ஊட்டுக் கெழவி கையில குடுத்துருங்க. அப்பறங் கேட்டா, "எங்கியோ வெச்சனே சாமி, நெனப்பில்லையே"ம்பா. அந்த மறதிய ஒடைக்க எந்தக் கொம்பனாலயும் ஆகாது.

இப்பக் கொஞ்சம் காதைக் கிட்டக் கொண்டாங்க. தைப்பூசத்துக்குப் பழனிக்கு மாலை போடறவுங்கள்ல தெனமும் ஊத்திக்கிறவன் ஒருத்தன் இருப்பான். மாலை போட்ட அன்னைக்கே சுத்தமா நிறுத்திருவான். சந்தோசம். ராத்திரியே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ரெண்டு நாளைக்குள்ள சிலபேருக்கு வலிப்பு வந்துரும், இல்லாத பாம்பும் பூரானும் செவுத்துல ஊரும். நீங்க ஒடனே முருகன் எறங்கிட்டாருன்னு உடுக்கையை எடுத்துராதீங்க. எறங்கினது முருகனில்லீங்க, சாராயம். வருசக்கணக்கா ஊறின ஒடம்பு திடீர்னு காஞ்சா அப்படித்தான் ஆடும், உசுருக்கே ஆபத்து. மாலை போடறதுக்கு முந்தி டாக்டரு கிட்டப் போய் உள்ளதைச் சொன்னா அதுக்குன்னு மருந்து குடுப்பாரு. கூச்சமா இருந்தா 14446க்குப் போனைப் போட்டுக் கேளுங்க, காசு கெடையாது. முருகன் ஒண்ணுங் கோவிச்சுக்க மாட்டாரு.

அப்பறம் நம்ம பயலுக. காலேஜுலிருந்து நோம்பிக்கு வந்த மகனை வாசல்லயே நிறுத்தி வாயை மோந்து பாக்கறீங்களே, அடடா, என்ன ஒரு துப்பறியும் மூளை! கூல் லிப்புப் பொகையிலைப் பொட்டணம் ஒதட்டுக்குள்ள ஒதுங்கியிருக்கும். வலி மாத்திரையக் கரைச்சு ஊசியில ஏத்திக்கிட்டவனப் போலீசு புடிச்ச சேதி பேப்பர்ல வருது. அதுக்கு ஏதுங்க வாசம்? அதுவுமில்லாம, மோந்து பாக்கற மூக்கே மூணு ரவுண்டு முடிச்ச மூக்கு.

21 வயசு ஆகாதவனுக்கு விக்கப்படாதுன்னு சட்டம் இருக்குது. நீங்க அதுல வலு கறாரு, ஒத்தைச் சொட்டு குடுக்க மாட்டீங்க. "தம்பி, ஐஸ் எடுத்துட்டு வா, கிளாஸைக் கழுவிக் குடு, அந்த வெங்காயத்தைப் பொடுசா அரிஞ்சு போடு"ன்னு பத்தாவது படிக்கிறவனுக்குக் கைவேலை பழக்கறதோட சரி. போன நோம்பிக்கு அவன் ஊத்துன கையைப் பாத்தன். கண்ணை மூடிட்டு ஊத்தறான், நாலு கிளாஸ்லயும் ஒரே மட்டம். பன்னெண்டாவது முடிச்சா இவனை எதுல சேத்தறதுன்னு நேத்துக்கூட எங்கிட்ட ரோசனை கேட்டீங்க. ஏஞ்சாமி, இனியுமா சேத்தோணும்?