பத்து விநாடி பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் விறகடுப்பும் போதும் என்றிருந்த தொழிலுக்கு இப்போது இணையதளமும் வேண்டும். அதற்கு வரும் வருகைகளை அளக்கக் கூகுள் அனலிட்டிக்ஸும் வேண்டும்.

முதலில் அளவுகோல். 2023 ஜூலையில் நிறுத்தப்பட்ட பழைய அனலிட்டிக்ஸில், ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர் ‘பவுன்ஸ்’ கணக்கில் விழுவார். விலையைப் படித்து, எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்து, வீட்டுத் தொலைபேசியில் 2 கிலோ சொன்ன மதுரை மாமியும் அதில் அடக்கம். புதிய பதிப்பான ஜிஏ 4 தாராள மனசு கொண்டது: 10 விநாடி பக்கத்தில் நின்றாலே ஈடுபாடுள்ள வருகை. விலை எங்கே என்று தெரியாமல் திரையை மேலும் கீழும் உருட்டித் தவிப்பவரும் ஈடுபாடு மிக்கவரே. ஆகவே விலையை ஒளித்து வைக்கும் தளத்துக்கு மதிப்பெண் கூடும்.

அடுத்து விளம்பரம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயிலுக்குச் செல்லும் கூட்டம் வத்திராயிருப்பு, மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறைக்குத் திரளும். அந்த வாரம் பால்கோவாக் கடையில் விற்பனை ஏறும். விளம்பரம் செய்து தருபவர்களின் மாத அறிக்கையில் அது முகநூல் விளம்பரத்தின் வெற்றி. அமாவாசை முடிந்து விற்பனை இறங்கினால் அல்காரிதம் மாறிவிட்டதாகப் பொருள். விளம்பரச் செலவைக் கூட்டச் சொல்வார்கள்.

கூகுள் மேப்பில் கடை திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுவது இலவசம். அதனால் அறிக்கையில் அதற்கு இடமில்லை. கல்லாப்பெட்டியருகே ஒரு நோட்டில், “எங்க பாத்து வந்தீங்க?” என்று கேட்டு எழுதும் முறையும் உண்டு. பெரும்பாலான பதில்: “பஸ் இங்கதான் நின்னுச்சு.”