ஐந்தாவது ஆள்

விருதுநகர் மாவட்டத்தில் அரசுக்கு எண்ணத் தெரியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதல் இடம் பட்டாசு ஆபீஸ். மருந்து அடைக்கும் ரூமில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது உள்ளே எத்தனை பேர் என்பது போர்மேனுக்குத் தெரியும், உள்குத்தகைக்காரருக்குத் தெரியும். அரசுக்கு மட்டும் கூரை பறந்த பிறகுதான் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ 40 பேர் பலி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல் பலி. அன்றைக்கு மட்டும் சரியாக எண்ணுவார்கள். நிவாரணக் காசோலை எழுத வேண்டுமே!

இரண்டாவது இடம் தெரு. 144 தடை உத்தரவு போட்ட நாளில் அங்கேயும் அதே கணக்குதான். நான்கு பேர் வரை குடிமக்கள். ஐந்தாவது ஆள் வந்து நின்றால் சட்டவிரோதக் கூட்டம். இங்கே மட்டும் கணக்கு பிசகுவதே இல்லை. ஏற்றிப் போக வேன் நிற்கும், அடைத்து வைக்கக் கல்யாண மண்டபம் திறந்திருக்கும். மருந்துக்கு நடுவே ஐந்தாவது ஆள் உட்கார்ந்தால் அது உற்பத்தி. மனுவோடு ஐந்தாவது ஆள் நின்றால் அது ஆபத்து!

2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அந்த 144-வது பிரிவின் எண் 163 ஆகிவிட்டது. எண்தான் மாறியது, பசி மாறவில்லை. திடீர் ஆபத்தைத் தடுக்கக் கொடுத்த அதிகாரம் இது. பக்கத்து ராமநாதபுரத்துக்கோ குருபூஜைக் காலம் வந்தால் ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேர்கிறது. நாள் குறித்து வருவதற்குத் திருவிழா என்று பெயர். அவசரம் என்று சொல்ல வாய் கூச வேண்டாமா?

பெரிய அவசரத்தையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது அதை ஏற்காத விருதுநகர்க்காரர் காமராஜர், அந்த இருட்டிலேயே அக்டோபர் 2 அன்று கண்ணை மூடினார். அடுத்த ஏப்ரலில், சிறையில் கிடப்பவர் தன் விடுதலை கேட்டு நீதிமன்றப் படியேற முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் எழுதினார்கள். மறுத்த ஐந்தாவது ஆள் எச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. ஆனால் நெருக்கடி நிலையிலும் உயிர், சுதந்திர உரிமையை நிறுத்தி வைக்க முடியாது என்று 1978-இல் 44-வது திருத்தம் எழுதியது. 2017-இல் அந்த நால்வரின் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே தூக்கி எறிந்தது.

தடை உத்தரவுக்கும் கடிவாளம் இருக்கிறது. ஆட்சியர் போடும் உத்தரவுக்கு ஆயுள் இரண்டு மாதம். மாநில அரசு நீட்டினாலும் மேற்கொண்டு ஆறு மாதம்தான். காரணம் எழுத வேண்டும், வெளியிட வேண்டும், நியாயமான கருத்தை அடக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடிவாளம் கச்சேரிச் சுவரில் தொங்குகிறது. குதிரை ஊரை மேய்கிறது.

ஆகவே, அடுத்த உத்தரவு வரும்போது நகல் கேளுங்கள். காரணம் எங்கே என்று கேளுங்கள். காரணம் இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு எடுத்துப் போங்கள். நால்வர் பயந்து ஒதுங்கினாலும் பரவாயில்லை, நீங்கள் போங்கள்.