இன்னும் ஒருத்தர் உட்காரலாம்

1940-இல் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. லேசாக இருக்க வேண்டும், சேற்றிலும் மேட்டிலும் ஏறி இறங்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வாசலில் நிற்க வேண்டும். நம்மூரில் வீட்டுக்கு ஒரு கதவு செய்யச் சொன்னால் ஆசாரி அளவெடுக்க வரவே அத்தனை நாள் ஆகும். பான்டம் என்று கிட்டத்தட்ட திவாலான ஒரு கம்பெனி, சொன்ன கெடுவுக்குள் செய்துகொண்டு வந்து நிறுத்தியது. ராணுவம் மனதாரப் பாராட்டி, வரைபடத்தை வாங்கி, வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகளிடம் கொடுத்துப் பெரிய ஆர்டரையும் அவர்களுக்கே தந்துவிட்டது. பிள்ளை பெற்றவள் ஒருத்தி, பேர் வைத்தவர்கள் வேறு.

அந்த வண்டிதான் ஜீப். இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் ஜீப்புகள் தயாராகி உலகமெல்லாம் இறைந்து கிடந்தன. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 80 அங்குலம், அதாவது ஆறடி எட்டு அங்குலம். நான்கு பேர் உட்காரலாம். அதற்குமேல் ஓர் அங்குலமும் தேவையில்லை என்று பொறியாளர்கள் முடிவு செய்திருந்தார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த நாட்டின் முன்கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஸ்பெயின்காரர்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் இருந்து ஜெபமாலையைக் கொடுத்தார்கள். 1898-இல் அமெரிக்கர்கள் வந்து சினிமாவைக் கொடுத்தார்கள். மணிலாவில் கலேசா என்ற குதிரை வண்டி ஓடியது. 1905-இல் மின்சார டிராம் வந்தது. முப்பதுகளில் யாரோ ஒரு புத்திசாலி சின்ன மோட்டாரைக் குதிரை வண்டி மாதிரி மாற்றி வாடகைக்கு விட்டார். அதற்கு 'ஆட்டோ கலேசா' என்று பேர். குதிரைக்குத்தான் ஓய்வு, பயணிக்கு அதே இடுப்புவலி.

பிறகு ஜப்பான் வந்தது. 1942-இல் அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து, 'திரும்பி வருவேன்' என்று சொன்னார். 1944 அக்டோபரில் லெய்தே தீவில் முழங்காலளவு தண்ணீரில் நடந்து கரையேறித் திரும்பியும் வந்தார், படம் பிடிக்க ஆளோடு. அடுத்த பிப்ரவரியில் மணிலாவில் ஒரு மாதம் நடந்த சண்டையில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்துப்போனார்கள். இந்த இடத்தில் சிரிப்புக்கு வேலையில்லை. ஊர் தரைமட்டம், டிராமும் அதோடு ஒழிந்தது.

மிச்சமிருந்தவர்கள் வேலைக்குப் போக வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும். போக ஒன்றுமில்லை. அமெரிக்கர்களிடம் மட்டும் ஜீப் குவிந்து கிடந்தது. வீடு மாற்றும்போது பழைய கட்டிலை என்ன செய்வது என்று விழிப்போமே, அந்த நிலைமையில் இருந்தார்கள். கப்பலில் ஏற்றிக் கொண்டுபோவது வீண் செலவு. விற்றார்கள், சும்மாவும் கொடுத்தார்கள்.

வாங்கியவர் முதலில் செய்த காரியம் பின்சீட்டைப் பிடுங்கியது. அடுத்து வெயிலுக்கு ஒரு கூரை. அதன் கீழே நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. ஏறி இறங்க வண்டியின் பின்பக்கம், கதவெல்லாம் கிடையாது. ஓட்டிப் பார்த்தார்கள், ஓடியது. 'இன்னும் ஒருத்தர் உட்காரலாம் போலிருக்கிறதே' என்று யாருக்கோ தோன்றியது. அந்த எண்ணம் தோன்றிய நாளை ஏன் தேசிய விடுமுறையாக்கவில்லை என்று தெரியவில்லை. சேஸிஸை நடுவில் அறுத்தார்கள், இரும்பு வைத்துப் பற்றவைத்தார்கள், பெஞ்சை நீட்டினார்கள். உட்கார்ந்ததும், இன்னும் ஒருத்தருக்கு இடமிருப்பதாகத் தோன்றியது. மறுபடி அறுத்தார்கள். இப்படியே போய், நான்கு பேர் வண்டி இருபது பேர் வண்டியாகிவிட்டது. ஜீப்பையும், காசு வாங்கி ஆளேற்றும் காருக்கு அமெரிக்கர்கள் சொல்லும் ஜிட்னி என்ற பேரையும் அதே மாதிரி வெட்டி ஒட்டி 'ஜீப்னி' என்று வைத்தார்கள்.

இந்த வெட்டி ஒட்டும் கலையில் பெரிய ஆள் லியோனார்தோ சராவோ. கலேசா ஓட்டியவர், பிறகு மெக்கானிக். 1953-இல் மணிலாவை ஒட்டிய லாஸ் பின்யாஸில் 700 பேசோ முதலீட்டில் பட்டறை போட்டார். 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியின் பிலிப்பைன்ஸ் அரங்கில் சராவோ வண்டி நின்றது. தான் போட்டுவிட்டுப் போன பழைய சட்டையைப் பக்கத்து வீட்டுக்காரன் ஜரிகை வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக் கல்யாணத்துக்கே வந்தால் எப்படியிருக்கும்? அமெரிக்கா அன்றைக்கு அப்படித்தான் பார்த்திருக்கும்.

அசல் ஜீப்புகள் தீர்ந்துபோனபோதும் யாரும் கவலைப்படவில்லை. தகட்டைக் கையால் தட்டி, மூக்கு மட்டும் ஜீப் மாதிரி வைத்து, புதிதாகவே செய்தார்கள். பானெட்டுக்குள் ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சின். எந்த ஜப்பானை விரட்ட ஜீப் வந்ததோ, அந்த ஜப்பான்தான் இப்போது ஜீப்பின் வயிற்றில் உட்கார்ந்து உறுமுகிறது. சரித்திரத்துக்கு வெட்கமே கிடையாது.

பானெட்டின் மேலே பளபளக்கும் குதிரை பொம்மைகள். வேலையிழந்த கலேசாக் குதிரைகளுக்கு மரியாதையாம். ஒரு குதிரை போதாதா என்றால், அங்கேயும் இன்னும் ஒன்றுக்கு இடமிருந்தது. பக்கவாட்டில் மாதாவும் குழந்தை ஏசுவும், அவர்களுக்குப் பக்கத்திலேயே சினிமாப் படமும் கூடைப்பந்து வீரரும். சில வண்டிகளின் நெற்றியில் 'காதாஸ் நங் சவூதி' என்று எழுதியிருக்கும். சவூதியில் பிழிந்த சாறு என்று பொருள். மகனோ மகளோ பாலைவனத்தில் வருஷக்கணக்கில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய வண்டி. யாரைப் பிழிந்த சாறு என்று தனியாக எழுதவில்லை.

உள்ளே கண்டக்டர் கிடையாது. பின்னால் இருப்பவர் 'பாயாத் போ' என்று காசை நீட்டுவார். 'கட்டணம், ஐயா' என்று அர்த்தம். தகாலோக் மொழியில் 'போ' மரியாதைச் சொல். இங்கே நம்முடைய பஸ் டிரைவரிடம் அந்த மரியாதையைக் காட்டிப் பாருங்கள். காசு கை மாறிக் கை மாறி ஓட்டுநருக்குப் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும், வழியில் காணாமல் போவது அபூர்வம். ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் சில்லறை எண்ணி, எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி, முதுகுக்குப் பின்னால் யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்று மனக்கணக்கும் வைத்திருப்பார். கொடுக்காமல் குதித்து ஓடுவதற்கு 'ஒன் டூ த்ரீ' என்று பேர். அதற்கு எச்சரிக்கையாக 'காட் நோஸ் ஹூதாஸ் நாட் பே' என்று பலகை தொங்கும். ஹூதாஸ் என்றால் யூதாஸ். கொடுக்காதவர் யார் என்பது கடவுளுக்குத் தெரியும் என்று காதில் விழும், கொடுக்காதவன் யூதாஸ் என்று கண்ணில் படும். முப்பது வெள்ளிக்காசு வாங்கியவனை இவர்கள் ஒரு டிக்கெட் காசுக்காக இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

பர்மிட் இல்லாமல் ஓடும் வண்டி 'கொலோரும்'. லத்தீன் ஜெபத்தின் முடிவில் வரும், என்றென்றைக்கும் என்று அர்த்தமுள்ள 'சேக்குலா சேக்குலோரும்' என்பதன் வால் அது. அந்த ஜெபம் சொல்லிக் கூடிய, அரசின் அங்கீகாரமில்லாத பக்திக் கூட்டங்களுக்கு முதலில் அந்தப் பேர் ஒட்டியது. பிறகு வண்டிக்கு ஒட்டிக்கொண்டது. திருட்டு வண்டிக்கு இவ்வளவு தெய்வீகமான பேர் வேறெங்கும் இருக்காது.

நிறுத்தத்தில் ஆள் சேர்ப்பவர் 'சியாமான், சியாமான்' என்று கத்துவார். பக்கத்துக்கு ஒன்பது பேர். பெஞ்சின் நீளமோ ஏறியவர்களின் அகலமோ கணக்கில்லை. ஏழு பேரிலேயே பெஞ்சு நிறைந்துவிட்டதே என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நம்பிக்கைக் குறைவு. எட்டாவது ஆள் பாதி உட்காருவார். ஒன்பதாவது ஆள் உட்கார்ந்திருப்பதாக நம்புவார். அதற்குப் பிறகு வருகிறவர் பின்கம்பியில் தொங்குவார். 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் மணிலாவுக்கு வந்தபோது ஜீப்னி ஜாடையில்தான் அவருக்கு வண்டி செய்தார்கள். கொட்டும் மழையில் மஞ்சள் பிளாஸ்டிக் அங்கியோடு லட்சக்கணக்கானவர்களுக்கு நடுவே போனார். ஜீப்னி சரித்திரத்தில் தாராளமாக இடம்விட்டுப் போன ஒரே பயணி அவராகத்தான் இருக்கும்.

2017-இல் அரசாங்கம் விழித்துக்கொண்டது. பழைய ஜீப்னி புகை கக்குகிறது, அது ஒழியட்டும், கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து புது வண்டி வாங்குங்கள் என்றது. புகை விஷயம் உண்மைதான், பின்னால் ஒரு தடவை போனவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் புது வண்டியின் விலை 20 லட்சம் பேசோவுக்கு மேல் இருந்தது. ஓட்டுநர்களில் பெரும்பாலோர் முதலாளிக்குத் தினமும் 'பவுண்டரி' என்ற வாடகையைக் கட்டிவிட்டு, மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள். 2023 மார்ச்சில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் என்று அறிவித்து இரண்டாம் நாளே பேசி முடித்துக்கொண்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் சேர 2023 டிசம்பர் 31 கெடு. அது 2024 ஜனவரி 31 ஆயிற்று. பிறகு ஏப்ரல் 30 ஆயிற்று. கெடுவையும் நடுவில் அறுத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். மே மாதமும் பழைய வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இறங்க வேண்டிய இடம் வந்தால் கூரையைத் தட்டி 'பாரா போ' என்று சொல்ல வேண்டும். தயவுசெய்து நிறுத்துங்கள் என்று பொருள். அரசாங்கமும் 2017-இலிருந்து அதைத்தான் கூரையைத் தட்டித் தட்டிச் சொல்கிறது. ஓட்டுநர்கள் தமிழில் புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது. பாராமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.